முந்திரிக்கொட்டைகளும் ஐஸ் குச்சிகளும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடலில், 1984-ஆம் ஆண்டு விலங்கியல் பட்டப்படிப்பை முடித்த மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"தங்கள் துறையில் தாங்கள் கண்ட ஏதேனும் ஒன்றைப் பற்றி 20 நிமிடம் பேசவும்" என்று செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் இதய மருத்துவர், ஒருவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். என் துறை ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. 1987 முதல் 2023 வரை 36 வருஷம் நான் பேசியதெல்லாம் ஆறு வயசு, ஏழு வயசுப் பிள்ளைகளிடம்தான். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இடைநிலை ஆசிரியர் பயிற்சிக்கு நான் போனபோது என் தோழிகள், "தவளையை அறுத்த கையால போய் 'அ'னா 'ஆ'வன்னா எழுதப் போறியா?" என்று கேலி செய்தார்கள். அவர்களில் மூன்று பேர் இப்போது முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆமாம், எழுதினேன். அதற்காக வருத்தப்படவில்லை.

இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ரொம்பச் சின்னது. ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? கதைப் புத்தகத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டியே அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது என் அனுபவம். ஆனால் அதை நான் முதலில் தப்பாகச் செய்தேன். அந்தத் தப்பையும் சொல்லியாக வேண்டும்.

குறுக்கே பேசுகிறவர்களுக்கு நம் ஊரில் முந்திரிக்கொட்டை என்று பெயர். மற்றப் பழங்களுக்கெல்லாம் கொட்டை உள்ளே அடக்கமாக இருக்கும். முந்திரிக்கு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நம் விலங்கியல் வகுப்பில் அந்தப் பட்டம் யாருக்கு இருந்தது என்று பின் வரிசைக்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கிறார்கள். முதுகெலும்பற்ற உயிரிகள் நடத்திய நம் பேராசிரியர் மண்புழுவின் முதல் கண்டத்தைத் தாண்டுவதற்குள் நான் எழுந்து நின்று ஏதாவது கேட்பேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உன் நோட்டுல கடைசிப் பக்கத்தை எனக்குக் கொடும்மா. கேள்வி வந்தா அதுல எழுதி வை. மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது நான் நிறுத்துவேன்" என்றார். சொன்னபடியே நிறுத்தினார். சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டு, "என்னம்மா, கடைசிப் பக்கம்?" என்பார். மூன்று வருஷத்தில் இரண்டு தடவையோ என்னவோ மறந்திருப்பார். மறுநாள் வகுப்பையே அதிலிருந்துதான் ஆரம்பித்தார்.

அந்தக் கடைசிப் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். எட்டு கேள்வி எழுதியிருப்பேன். அவர் நிறுத்தும் நேரத்தில் ஐந்தை நானே அடித்திருப்பேன். பாடத்திலேயே பதில் வந்திருக்கும். மிச்சம் மூன்றுதான் உண்மையான கேள்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1987-இல் எனக்கு வேலை கிடைத்தது. அப்போதைய வடாற்காடு மாவட்டத்தில், பின்னால் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் வந்த ஒரு கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும், 43 பிள்ளைகள். கையில் பாடப் புத்தகத்தைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. எங்கள் வீட்டில் பழைய அம்புலிமாமா கட்டுக்கட்டாக இருந்தது, அதைக் கொண்டுபோனேன். கடைசிப் பிரிவேளையில் கதை படிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் எல்லோருக்கும் தெரிந்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று பாட்டி வடை சுட்ட கதையை எடுத்தேன். பாட்டி அடுப்பு மூட்டுவதற்குள் வகுப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. "டீச்சர், எங்க ஆயாவும் வடை சுடும்." "டீச்சர், எங்க கடையில வடை எட்டணா." "டீச்சர், காக்கா எங்க தம்பி தலையில கொத்திடுச்சு." "டீச்சர், இவன் என்னைக் கிள்றான்." காக்கா மரத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. மணி அடித்துவிட்டது. நரி வரவே இல்லை.

என் பயிற்சியில் எனக்குச் சொல்லித் தந்த மருந்து ஒன்றுதான். கையைக் கட்டு, வாயைப் பொத்து. அதையே பிடித்துக்கொண்டேன். கதை ஆரம்பிக்கும் முன் எல்லோரும் வாயில் விரல் வைக்க வேண்டும், முடியும்வரை எடுக்கக் கூடாது, யாராவது பேசினால் கதை அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்குக் கதை ரொம்பப் பிடிக்கும் அல்லவா? அதனால் பிரம்பு தேவையே இருக்கவில்லை. ஒருவன் வாயைத் திறந்தால் மற்ற 42 பேரும் அவனை முறைப்பார்கள். மூன்று மாதத்தில் என் வகுப்பு அப்படி ஓர் அமைதி. அடுத்த அறை சார், "உங்க கிளாஸ்ல பிள்ளைங்க இருக்காங்களா இல்லையான்னே தெரியலையே" என்று பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. நாலு வருஷம் அப்படியே நடத்தினேன்.

1991, பொங்கல் முடிந்த வாரம். தொடர்கதை ஒன்று படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பெயர் வேண்டாம், எழுந்து என் நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர்…" என்றாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விரலை மட்டும் உதட்டில் வைத்துக் காட்டினேன். போகவில்லை. மறுபடியும் "டீச்சர்…" என்றாள். "கதை முடியட்டும்னு சொன்னேன்ல? உக்காரு" என்றேன். போய் உட்கார்ந்தாள். கதை முடியவில்லை, மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள். நானும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். எனக்கு மறந்துவிட்டது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பக்கத்தில் உட்காரும் பெண்ணைக் கேட்டேன். "அவங்க சூளைக்குப் போயிட்டாங்க டீச்சர். உங்ககிட்ட சொல்றேன்னு சொன்னாளே, சொல்லலையா?" என்றாள்.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தை பிறந்தால் செங்குன்றம், திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளில் வேலை ஆரம்பிக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். மழைக்காலம் நெருங்கும்போதுதான் திரும்புவார்கள். பிள்ளைகளும் கூடவே போவார்கள், கல் திருப்பிப் போடுவார்கள். அந்த வருஷம் இரண்டு குடும்பத்தில் போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசி, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகும்படி செய்திருந்தேன். எல்லா வீட்டிலும் நடக்காது, சில வீட்டில் நடக்கும். இந்தப் பெண்ணுக்கும் ஊரில் பாட்டி இருந்தாள். பேசிப் பார்க்க எனக்கு ஒரு சாயங்காலம் இருந்தது. அந்தச் சாயங்காலம்தான் அவள் என் நாற்காலி பக்கத்தில் வந்து நின்றது.

ஆனி மாதம் அந்தக் குடும்பம் திரும்பி வந்தது. அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். "எல்லாத்தையும் மறந்துடுச்சு டீச்சர், இனிமே எங்க… கைப்பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும்" என்றார் அவள் அம்மா. அவள் கதவுக்குப் பின்னால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்தப் பெண் படிப்பை விட்டதற்கு நான்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. முன்பணம், வறுமை, தம்பி, எல்லாம் இருக்கிறது. நான் அன்றைக்குக் காது கொடுத்திருந்தாலும் போயிருக்கலாம். ஆனால் அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் கதை படிக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் பாட்டியை நினைத்துப் பார்த்தேன். பாட்டி கதை சொல்லும்போது எங்களை வாயைப் பொத்தச் சொன்னதே இல்லை. நேர்மாறாக, "உம் கொட்டுங்கடா, இல்லேன்னா சொல்ல மாட்டேன்" என்பாள். 'ஒரு ஊர்ல ஒரு ராஜா…' 'உம்.' 'அவனுக்கு ரெண்டு பொண்டாட்டி…' 'உம்.' உம் சத்தம் நின்றால் தூங்கிவிட்டோம் என்று அர்த்தம். வில்லுப்பாட்டிலும் பாருங்கள், பாடுகிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்திலிருப்பவர் "ஆமா" போடுவார். நம் ஊரில் கதை கேட்பது வாயை மூடிக்கொண்டு செய்கிற காரியமே இல்லை. கேட்கிறவனுக்கும் ஒரு குரல் உண்டு, அதற்கென்று ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைச் சொல்பவள் விட்டுக்கொடுக்கிறாள். நான் அந்த இடத்தையே அடைத்துவிட்டு, பிள்ளைகள் குறுக்கே பேசுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் விளங்கிற்று. ஆறு வயசுப் பிள்ளை குறுக்கே பேசுவது மரியாதை தெரியாமல் இல்லை. சொல்ல வந்தது ஓடிப்போய்விடும் என்ற பயம். "எங்க ஆயாவும் வடை சுடும்" என்று ஒரு பிள்ளை கத்துகிறது என்றால், கதை அதன் வீட்டுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். புரிந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதைச் சொல்ல ஓர் இடம் நிச்சயமாக உண்டு, டீச்சர் ஏமாற்ற மாட்டார் என்று தெரிந்தால் பிள்ளை காத்திருக்கும். நான் காத்திருந்தேனே, கடைசிப் பக்கத்தை நம்பி!

ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடைசிப் பக்கத்தில் எழுதத் தெரியாதே. அதற்காகப் புளியங்கொட்டை கொடுத்துப் பார்த்தேன். சொல்ல ஏதாவது இருந்தால் ஒரு கொட்டையை முன்னால் எடுத்து வை, நான் நிறுத்தும்போது கேட்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் ஒரு பையன் அதை மூக்கில் போட்டுக்கொண்டான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் அதை எடுத்துவிட்டு எனக்கு ஒரு தனி வகுப்பு நடத்தினார். ஆகவே இங்கே இருக்கும் இளம் ஆசிரியர்கள் புளியங்கொட்டை பக்கம் போகாதீர்கள். அப்புறம்தான் ஐஸ் குச்சி. பள்ளிக்கூட வாசலில் சேமியா ஐஸ் விற்பார்கள் அல்லவா, அந்தக் குச்சிகளைப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதிக் கொடுத்தேன். செலவு ஒன்றுமில்லை.

முறை இதுதான். முந்தின நாள் ராத்திரியே கதையை வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுவேன். எங்கே நிறுத்தினால் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும் என்று பார்த்து, மூன்று இடத்தில் துண்டுக் காகிதம் வைப்பேன். வகுப்பில் ஆரம்பிக்கும்போதே, "இன்னிக்கு மூணு இடத்துல நிறுத்துவேன்" என்று சொல்லிவிடுவேன். துண்டுக் காகிதம் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இது முக்கியம். அடுத்த நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பஸ்ஸில் போகிறவர்கள் மைல்கல்லைப் பார்ப்பது மாதிரி. நடுவில் சொல்ல ஏதாவது தோன்றினால் குச்சியைக் கீழே வைக்க வேண்டும். நிறுத்தத்தில் குச்சி வைத்தவர்களில் ஐந்து பேர் எல்லோருக்கும் கேட்கச் சொல்வார்கள். மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிஷம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், இருக்கட்டும். நான் சத்தம் போட்டு அடக்க மாட்டேன். அடுத்த வரியை மெதுவாகப் படிக்க ஆரம்பிப்பேன், தானாக அடங்கும். அடுத்த நிறுத்தத்தில் வேறு ஐந்து பேர். இன்று விட்டுப்போனவர்களுக்கு நாளைக்கு முதலிடம். இதில் மட்டும் ஏமாற்றவே கூடாது.

அந்தக் கடைசிப் பக்கத்து வேடிக்கை இங்கேயும் நடந்தது. "உன் குச்சி கீழே இருக்கே, என்ன சொல்லணும்?" என்று கேட்டால் பாதிப் பேர், "இப்ப ஒண்ணுமில்ல டீச்சர்" என்பார்கள். கதையே பதில் சொல்லியிருக்கும். மீதிப் பேர் சொல்வது கேட்கத் தகுந்ததாக இருக்கும்.

இதெல்லாம் 'அப்புறம்' சொல்கிற பேச்சு. 'இப்பவே' சொல்ல வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறதே. எது எது இப்பவே என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினோம். ஒன்றுக்கு வருது, வயிறு வலிக்குது, யாராவது விழுந்துட்டாங்க, ரத்தம் வருது, பூச்சி பொட்டு வந்துடுச்சு என்று அவர்கள் சொன்னார்கள். நான் ஒன்று சேர்த்தேன். நாளைக்கு வர மாட்டேன், ஊருக்குப் போறோம். அதற்குக் குச்சி வேண்டாம். நேராக என்னிடம் வந்து என் மணிக்கட்டில் கையை வைக்க வேண்டும். நான் அந்தக் கைமேல் என் கையை வைப்பேன். 'நீ வந்தது தெரியும்' என்று அதற்கு அர்த்தம். அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத் திரும்பிக் கேட்பேன். ஒரு வாக்கியம்தான், பக்கம் அல்ல. ஆரம்பத்தில் "இவன் என்னைப் பார்த்து முறைக்கிறான்" என்பதற்கெல்லாம் கை வைக்க வந்தார்கள். கோபிக்காமல், "இது அப்புறம், குச்சி வை" என்று சொன்னால் போதும். காலாண்டுத் தேர்வுக்குள் வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஜூன் மாதத்தில் நாலு நிமிஷக் கதைக்கு மேல் ஓடாது. டிசம்பரில் பத்து நிமிஷம் ஓடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்கு எந்த நிறுத்தமும் போதவில்லை. அவனால் முடியவில்லை, அவ்வளவுதான். அவனை என் பக்கத்தில் உட்காரவைத்துப் பக்கம் திருப்புகிற வேலையைக் கொடுத்தேன். கைக்கு வேலை இருந்ததால் வாய் கொஞ்சம் ஓய்ந்தது. கொஞ்சம்தான். இன்றைக்கு இப்படிப்பட்ட பிள்ளைகளை டாக்டரிடம் காட்டி என்னவென்று தெரிந்துகொள்ளலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

ஒரே கதையை மறுநாளும் படியுங்கள். இதைப் பெற்றோர்களுக்கும் சொல்கிறேன். முதல் நாள் பிள்ளைக்கு அடுத்து என்ன ஆகும் என்ற தவிப்பு, அதனால்தான் குறுக்கே விழுகிறது. இரண்டாம் நாள் அந்தத் தவிப்பு இல்லை. திரும்பத் திரும்ப வரும் வரிகளை எல்லோரும் சேர்ந்து சொல்லும்படி விட்டுவிடுங்கள். தன் வரி எப்போது வரும் என்று காத்திருப்பதே ஒரு பயிற்சிதான். அதுதான் அந்தக் காலத்து உம்.

பின்னால் நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் கொண்டுவந்த இரண்டு புத்தகங்கள் என் கைக்கு வந்தன. ஒன்று கிஜுபாய் பதேக்காவின் 'பகல் கனவு'. குஜராத்தியில் 1930-களில் எழுதப்பட்டது. பவநகரில் 1920-இல் குழந்தைகள் பள்ளி தொடங்கியவர் அவர். அந்தப் புத்தகத்தில் வரும் ஆசிரியர் முதல் நாள் வகுப்பில் மௌன விளையாட்டு நடத்தப்போய்த் தோற்றுப்போவார். பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிடுவார்கள். மறுநாள் கதை சொல்ல ஆரம்பித்தபின்தான் வகுப்பு அவர் வசப்படும். இதை 1987-லேயே படித்திருந்தால் எனக்கு நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும். இன்னொன்று 'டோட்டோ-சான்'. ஜப்பானில் 1981-இல் வெளிவந்தது. வகுப்பை ஓயாமல் கெடுக்கிறாள் என்று ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, புதுப் பள்ளிக்குப் போன முதல் நாள் தலைமையாசிரியர் கொபயாஷி அவளை நாலு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொல்ல அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. நாலு மணி நேரம்! நமக்கு நாலு நிமிஷம் முடியவில்லை.

இனி ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் கசப்பான விஷயம். மேரி பட் ரோ என்று அமெரிக்காவில் ஓர் அம்மையார் இருந்தார், அறிவியல் கற்பித்தலை ஆராய்ந்தவர். 1970-களில் அவர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான். அதற்குள் தானே பேசிவிடுகிறார், அல்லது அடுத்த பிள்ளையிடம் போய்விடுகிறார். மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீளமாயின, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஆசை வந்தது. என் மகளின் செல்போனை வாங்கி, ஒருநாள் என் வகுப்பை நானே பதிவு செய்து ராத்திரி போட்டுக் கேட்டேன்.

ஒரு பெண் குழந்தை, மெதுவாகப் பேசுகிறவள், குச்சி வைத்துக் காத்திருந்து, தன் முறை வந்ததும் ஆரம்பிக்கிறாள். "எங்க ஆயா…" உடனே என் குரல், "பாட்டின்னு சொல்லணும்." அப்புறம் அவள் குரலே இல்லை. அவள் ஆயா என்ன செய்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பதிவு முழுக்க வகுப்பில் ஒருவர்தான் குறுக்கே பேசிக்கொண்டிருந்தார். அது நான்தான். மறுநாளிலிருந்து எனக்கும் ஒரு குச்சி வைத்துக்கொண்டேன். பிள்ளை பேசி முடிக்கும்வரை நானும் அதைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அதை ரொம்பக் கண்டிப்பாகக் கண்காணித்தார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் வகுப்புத் தோழி ஒருத்தி, பேரனுக்கு வாங்கும்போது எனக்கும் ஒரு படப் புத்தகம் அனுப்பினாள். டேவிட் எஸ்ரா ஸ்டைன் என்பவர் 2010-இல் எழுதி வரைந்தது. ஒரு குட்டிச் சிவப்புக் கோழிக்கு அதன் அப்பா கதை படிக்கிறார். கதையில் யாராவது ஆபத்தில் மாட்டப்போனால் குட்டி பொறுக்க மாட்டாமல் நடுவில் குதித்து அவர்களை எச்சரித்து, கதையையே முடித்துவிடும். அதன் பெயரே குறுக்கே பேசும் கோழி என்பதுதான். அதை என் தமிழில் சொல்லிப் படம் காட்டினேன். ஒரு பையன் குச்சி வைத்துவிட்டுச் சொன்னான், "அது கெட்ட கோழி இல்ல டீச்சர். அவங்க செத்துடக் கூடாதுன்னுதான் பேசுது." கடைசியில் குட்டி கதை சொல்ல, அப்பா கோழி குறட்டை விட்டு அதன் கதையைக் கெடுத்துவிடுகிறது. அந்த இடத்தில் வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரியவர்கள் கதை இன்னும் இருக்கிறது. வகுப்பு நடக்கும்போது எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் தெரியுமா? சுற்றறிக்கைக்குக் கையெழுத்து, சத்துணவுக் கணக்கு, "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று யாராவது. நான் தலைமையாசிரியை ஆனபின் கதை நேரம் 15 நிமிஷத்துக்கு வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவைத்தேன். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் நாற்காலியை நகர்த்திவிட்டு உள்ளே வந்து பேச ஆரம்பித்தார். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மெதுவாக எழுந்து போய், மிச்சமிருந்த ஒரு ஐஸ் குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். எனக்கு உயிரே இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், "ரிஜிஸ்டர் எடுங்க" என்றார். எடுத்தேன். அவர் போனபின் அந்தப் பையன் ரொம்ப வருத்தமாக, "டீச்சர், அவரு குச்சியைக் கீழ வைக்கவே இல்லையே" என்றான்.

மாணவர்களே, உங்களில் எத்தனை பேர் ஆசிரியராவீர்கள் என்று தெரியாது. அப்பா அம்மாவாகப் போகிறவர்கள் நிறைய இருப்பீர்கள். வீட்டில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு பிள்ளையை விரலால் அடக்குகிறோம். பிள்ளை நம் மணிக்கட்டில் கை வைக்கலாம் என்று சொல்லிக்கொடுங்கள். கை வைத்தால் அடுத்த வாக்கியத்தோடு திரும்பிப் பாருங்கள். இதற்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நடக்கும் கிராமத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. நேற்று போய்ப் பார்த்தேன். 31 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். எனக்கு அன்று அம்புலிமாமாதான் இருந்தது. இன்றைக்குத் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா, பிரதம் புக்ஸ் எல்லோரும் போட்டிருக்கிறார்கள், விலையும் கட்டுப்படியாகும். சங்கம் ஐம்பது புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டும். முகாமுக்குப் போகும் மாணவர்கள் சனிக்கிழமைகளில் போய்ப் படித்துக் காட்டட்டும். புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்துவிடக் கூடாது, அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முதல் பத்துப் புத்தகம் என் செலவு. நூலகர் அறையில் கட்டிவைத்திருக்கிறேன், கூடவே ஒரு பை ஐஸ் குச்சியும் இருக்கிறது. கழுவிக் காயவைத்ததுதான்.

செயலாளர் கொடுத்த 20 நிமிஷத்தில் பதினெட்டு ஆகிவிட்டது. பின் வரிசையில் ரொம்ப நேரமாக ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். 1984-லேயே அவருக்கு வாய் சும்மா இருக்காது. சொல்லுங்கள்.

(இதன்பின் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு அவர் பதிலளித்தார். அன்று மாலையே மேலும் 27 புத்தகங்களுக்கான தொகை சேர்ந்தது. - மலர்க் குழு)